காலுள்ள அடுப்பு

எங்கள் அகத்துப் பெருமாள் ஒருநாளும் புகை குடித்ததில்லை. குடித்ததெல்லாம் நானும் என் மாமியாரும்தான். இப்படிச் சொன்னால் அபசாரம் என்று காதைப் பொத்திக்கொள்கிற உறவுக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நன்றாகப் பொத்திக்கொள்ளட்டும். நான் எழுதத்தான் போகிறேன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு வீட்டுக்கு நாட்டுப்பெண்ணாகப் போனேன். மேல்கோட்டையை விட்டு இறங்கி எத்தனையோ தலைமுறை ஆன மண்டயத்து ஐயங்கார் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். வீடு நல்ல பெரிய வீடுதான். முன்னால் கூடம், அடுத்துப் பெருமாள் உள், கடைசியில் தளிகையுள். சமையலறைக்கு எங்களவர்கள் வைத்த பெயர் அது. சமைப்பது என்று சொல்லமாட்டோம், தளிகை பண்ணுவது என்போம். அந்தத் தளிகையுள்ளுக்கு ஒரே கதவு. கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. சன்னல் கிடையாது. கட்டினவர் மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

காரணம் இதுதான். பெருமாளுக்குப் படைக்கப்போகிற சோற்றை, அது அடுப்பில் வேகும்போது வெளி மனுஷர் யாரும் பார்க்கக்கூடாது. பார்த்தால் திருஷ்டி. திருஷ்டி பட்ட பானையை அப்படியே கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட வேண்டும். பல வீடுகளில் இதையெல்லாம் கண்டும் காணாமலும் விட்டுவிடுவார்கள். என் மாமனார் விடமாட்டார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் அல்லவா? அங்கே குமாஸ்தாக்களிடம் காட்டிய கண்டிப்பை இங்கே தளிகையுள் வாசலில் காட்டத் தொடங்கியிருந்தார். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தால் போதும், கூடத்திலிருந்து கனைப்பார்.

அந்தக் கதவுக்குப் பின்னால்தான் என் மாமியார் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இருந்தாள். அவளுடைய கண் எப்போதும் சிவந்திருக்கும். மத்தியானம் எல்லோரும் பாயைப் போட்டு நீட்டிப் படுத்தால், அவள் மட்டும் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். போன புதிதில், “படுத்துக்கோங்களேம்மா” என்று தலையணையை எடுத்துக்கொண்டு போனேன்.

“படுத்தா இரைக்கும்டி. இப்படியே பழகிடுத்து” என்றாள்.

இந்தப் பழக்கம் என்கிற வார்த்தைமேல் எனக்கு அன்றைக்கே ஒரு கடுப்பு.

முதல் மழைக்காலத்திலேயே எனக்கும் இழுப்பு வந்தது. டிப்போவிலிருந்து வந்த விறகு நனைந்த விறகு. அதை எரிய வைப்பதற்குள் ஊதி ஊதிக் கன்னம் வலிக்கும். சாத்தமுது, மற்றவர்கள் சொல்கிற ரசம், கொதிக்கிற நேரத்தில் எனக்கு நெஞ்சு விசில் அடிக்கும். பாதி வேலையில் எழுந்து ஓடி, கொல்லையில் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். செத்துப்போய்விடுவோம் என்று தோன்றாது, இப்போதே செத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும்.

என் அகத்துக்காரர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கன்னடக்கார டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, முதல் கேள்வியாக, “மனேலி ஹொகெ இதியா?” என்றாள். வீட்டில் புகை உண்டா என்று கேட்கிறாள். நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் புகைக்கு நடுவில்தான் நாங்கள் உண்டு. மருந்து எழுதிக் கொடுத்தாள். மருந்து பாதி வேலைதான் செய்யும், அடுப்பு வெளியே போனால்தான் மீதி பாதி, இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு என்னிடம் வராதே என்று கன்னடத்தில் பளிச்சென்று சொன்னாள்.

அகத்துக்காரர் இதைத் தன் அப்பாவிடம் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அவர் நல்லவர். நல்லவர் என்றால் யார் பக்கமும் பேசாதவர் என்று அர்த்தம். கடைசியில் நான்தான் கூடத்துக்குப் போய் நின்று சொன்னேன். மாமனாருக்கு நாட்டுப்பெண்ணிடம் நேரே பேசுகிற வழக்கம் கிடையாது. நான் எதிரில் நின்றாலும் பிள்ளையைப் பார்த்துத்தான் பதில் வரும்.

“வெளியே அடுப்பா? எத்தனை கண்ணு படும்னு தெரியுமோ அவளுக்கு? பின்சந்துல போறவா வர்றவா, பின்னாடி மாடியிலே வக்கீலாத்துக்காரா... பெருமாளுக்கு எச்சிலா பண்ணிப் போடச் சொல்றாளா?”

“எனக்கு மூச்சு வரலையேப்பா” என்றேன்.

“பிராணாயாமம் பண்ணச் சொல்லு” என்றார் பிள்ளையிடம்.

மறுநாள் தீர்த்தமாடி, மடிப்புடவை கட்டிக்கொண்டு வந்து துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தேன். கறிகாய் நறுக்குகிறேன், மாவு அரைக்கிறேன், சாப்பிட்ட இடத்தை எச்சில் இடுகிறேன், பாத்திரம் தேய்க்கிறேன், ஆனால் தளிகையுள்ளுக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். “பிடிவாதத்தைப் பாரு” என்றாள். திட்டுகிற குரலில்தான் சொன்னாள். ஆனால் அரிவாள்மணையையும் வாழைப்பூவையும் அவளே கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

ஒரு வாரம் நான் அசையவில்லை. மாமனாருக்கு உப்பும் காரமும் தப்பிப் போக ஆரம்பித்தது. தனியாளாக அவ்வளவையும் செய்தால் மாமியாருக்குத்தான் கை எங்கே ஓடும்? அதன் பிறகு வீட்டில் பேச்சு மாறியது. வெளியே அடுப்பு வைக்கலாமா என்பது போய், என்ன அடுப்பு வைக்கலாம் என்று ஆயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் அகத்துக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். மரத்தூள் அடுப்பு மலிவு, புகையும் குறைவு என்றார்.

“ஆசாரிக் கடையிலே செருப்புக் காலோட மிதிச்ச தூளை எரிச்சுப் பெருமாளுக்குத் தளிகையா?” என்றார் மாமனார்.

அப்படியானால் கரி போட்டு எரிக்கிற குமுட்டி அடுப்பு என்றார்.

“கரி எங்கே சுட்டதோ, யார் கண்டா? வேண்டாம்.”

கடைசியில் மாமனாரே தீர்ப்புச் சொன்னார். செங்கல் அடுப்பு. கொல்லையில் அக்னி மூலையில். பக்கத்தில் ஒரு கொடியடுப்பு. சாணி மெழுகிக் கோலம் போட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். எனக்கு ஆட்சேபணையே இல்லை. செங்கலோ சேறோ, தலைக்குமேல் ஆகாசம் இருந்தால் சரி. அடுப்பு நானே தேர்ந்தெடுத்ததைப் போல அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அசடு.

கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மேஸ்திரி ஒருவர் வந்து கட்டினார். அழகான இரட்டை அடுப்பு. காய்ந்துகொண்டிருந்த நாட்களில் தினமும் அதன் எதிரில் போய் நின்று, சும்மா மூச்சு விட்டுப் பார்ப்பேன். அப்போதுதான் மாமனார் கொல்லைக்கு வந்தார். வக்கீலாத்து மாடியை அண்ணாந்து பார்த்தார். அடுப்பைக் குனிந்து பார்த்தார். மறுபடியும் மாடியைப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் ஒரு சுவர் எழுப்பு” என்றார் மேஸ்திரியிடம்.

சரி, ஒரு சுவர்தானே என்று இருந்தேன். பின்சந்துக் கதவு திறந்தால் தெரியும் என்று இன்னொரு சுவர். கிணற்றடிக்குத் தண்ணீர் சேந்த வருகிறவள் பார்ப்பாள் என்று மூன்றாவது. மூன்று சுவர் வந்த பிறகு நாலாவது தானாக வரும், அதைக் கேட்கவே வேண்டாம். மாடியிலிருந்து எட்டிப்பார்த்தால் மேலே தெரியுமே, காக்கை வேறு எச்சமிடுமே என்று ஓடு வேய்ந்தார்கள். நாய் நுழையும் என்று கதவு போட்டார்கள்.

“சாமி, சன்னல் எந்தப் பக்கம் வெக்கறதுங்க?” என்று மேஸ்திரி கேட்டார்.

“சன்னல் எதுக்கு? எட்டிப் பார்க்கறதுக்கா?”

எங்களவர்கள் பிள்ளையார் பேச்சை எடுக்கமாட்டார்கள். ஆனாலும் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஒன்று உண்டென்றால், அது எங்கள் கொல்லையில்தான் நடந்தது. வெளியே அடுப்பு கேட்டேன். வெளியே ஒரு தளிகையுள் கட்டிக் கொடுத்தார்கள், பழையதைவிடச் சின்னதாக.

பற்றவைத்த முதல் நாள், ஈரச் சுண்ணாம்பும் பச்சைச் செங்கல்லும் சேர்ந்து விட்ட புகையில் பால் பொங்குவதற்கு முன்னால் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பழையபடி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழைய குருடி கதவைத் திறடி! மாமியார் ஓடிவந்து முதுகை நீவினாள். நீவிக்கொண்டே அவளும் இருமினாள்.

“புது அடுப்பு. பழகப் பழகச் சரியாப்போயிடும்” என்றார் மாமனார், என் முதுகுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளையிடம்.

எனக்கு அசாத்தியக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில்தான் ஒரு விஷயம் விளங்கிற்று. இந்த வீட்டில் எந்த அடுப்பைக் கட்டினாலும் அதைச் சுற்றி நாலு சுவர் முளைக்கும். அப்படியானால் கட்டுகிற அடுப்பே கூடாது. சுவர் வந்தால் எழுந்து போகிற அடுப்பு வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தேப்பேட்டைக்குப் புறப்பட்டேன். அகத்துக்காரர் துணைக்கு வந்தார், என்னிலிருந்து பத்தடி பின்னால். பழைய இரும்புச் சாமான் கடை ஒன்றில் அடுப்புகளாகவே ஒரு மூலை இருந்தது. கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஓட்டல்காரர்கள் வைக்கிற பெரிய வார்ப்படுப்பு. அதை அசைக்க யானை வேண்டும். குமுட்டி, அதில் ஒரு உழக்கு அரிசிகூட வேகாது. நான் ஒவ்வொன்றையும் குனிந்து தூக்கிப் பார்த்தேன்.

“எல்லாரும் நல்லா எரியுமான்னு கேப்பாங்க. நீங்க என்ன அம்மாவ்ரே, தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க?” என்றார் கடைக்காரர்.

“சுவர் வந்தா நகரணும்” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அகத்துக்காரருக்குப் புரிந்தது. பக்கத்திலிருந்த ஒரு பழைய ஆணிப் பெட்டியை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். முழங்கால் உயரம். நாலு வளைந்த கால். மேலே இரும்புக் கம்பியால் பின்னிய கூடை மாதிரி ஒன்று, அடியில் சாம்பல் விழ ஒரு தட்டு. இரண்டு பக்கமும் தூக்குவதற்குக் காது.

“அய்யோ, அது அடுகெ ஒலெ இல்லம்மா, சமைக்கறதுக்கு ஆகாது. குடகுல காப்பித் தோட்டத்துத் துரை வெச்சிருந்தது. சாயங்காலம் தோட்டத்துல நாற்காலி போட்டு உக்காந்து குளிர் காய. துரை சீமைக்குப் போயாச்சு, அது இங்கே வந்தாச்சு.”

“தீ எரியுமோ?”

“ஜோரா எரியும்.”

“புகை எங்கே போகும்?”

அவர் சிரித்துவிட்டு மேலே கையைக் காட்டினார். “எங்கே போகும்? ஆகாசத்துக்குத்தான்.”

தூக்கிப் பார்த்தேன். கனம்தான், ஆனால் நான் ஒருத்தியே தூக்க முடிந்தது. மேலே பாத்திரம் உட்கார இரண்டு கம்பி குறுக்கே வைத்துத் தரச் சொன்னேன். டாங்காவில் என் காலடியில் அதை வைத்துக்கொண்டு மைசூர் வீதியில் வந்தபோது எனக்கு இருந்த மிடுக்கு, தசரா யானைமேல் போகிறவர்களுக்குக்கூட இருந்திருக்காது.

மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “யாராத்து அடுப்புடி இது?”

“ஒரு வெள்ளைக்காரத் துரையோடது.”

“ராமா! இதுலே என்னத்தையெல்லாம் சுட்டாளோ!”

“எதைச் சுட்டா என்னம்மா? நெருப்புக்குத் தீட்டில்லைன்னு நீங்கதானே சொல்வேள்.”

அவள் சற்று நேரம் நாலு காலையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், சாணி ஜலமும் ஒரு பிடி வைக்கோலும் கொண்டுவந்தாள். தெளித்து, கூடைக்குள் வைக்கோலைப் போட்டு, தானே பற்றவைத்தாள். இரும்பு சிவக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் காலை கொல்லைக்கு நட்டநடுவில் அடுப்பை வைத்து உலையேற்றினேன். புகை நேரே மேலே போயிற்று. நெஞ்சு விசிலடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அது புகையால் இல்லை. வக்கீலாத்து மாமி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எட்டிப்பார்த்தாள். “ஏன்ரீ, இவத்து ஏனு ஹுளி?” என்றாள். என்ன குழம்பு என்று கேட்கிறாள், பாவம், வேறொன்றும் இல்லை. நான் தெருவுக்கே கேட்கிறமாதிரி, “முள்ளங்கி ஹுளி!” என்று கத்தினேன்.

மாமனார் ஓடி வந்தார். கிணற்றுத் தூணிலிருந்து முருங்கை மரத்துக்கு ஒரு கயிற்றைக் கட்டி, தன் பழைய வேஷ்டி ஒன்றை எடுத்துத் திரையாகப் போட்டார். நான் பாத்திரத்தை இறக்கினேன். அடுப்பின் காதுகளில் ஈரத் துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய்த் திரைக்கு இந்தப் பக்கம் வைத்தேன். அவர் கயிற்றை அவிழ்த்து இந்தப் பக்கம் கட்டினார். நான் அந்தப் பக்கம் போனேன். மாடியில் மாமி துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டாள். கொல்லையை இரண்டு தடவை சுற்றியானதும் மாமனாருக்கு மூச்சு வாங்கிற்று. எனக்கு வாங்கவில்லை.

“இந்தச் சோறு பெருமாளுக்கு ஆகாது. எனக்கும் ஆகாது. உங்கம்மா உள்ளே பண்ணட்டும்” என்றார் பிள்ளையிடம்.

அப்படித்தான் வீட்டில் இரண்டு தளிகை ஆயிற்று. எங்களுக்கு என் அடுப்பில். பெருமாளுக்கும் மாமனாருக்கும், அந்தச் சன்னலில்லாத செங்கல் கூட்டுக்குள்ளே, மாமியார் கையால். பழைய தளிகையுள்ளில் பண்ணலாமே என்றால், கட்டியது வீணாகக்கூடாதாம்.

என் மூச்சை நான் முதலில் மீட்டுக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கமே கிடையாது. முழுகுகிறவள் முதலில் தன் தலையைத்தான் வெளியே நீட்டுவாள். ஆனால் நான் வெயிலில் உட்கார்ந்து தாளித்துக்கொண்டிருக்கும்போது, பத்தடி தள்ளி அந்த மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்கும். அதுவரை அவளோடு சேர்ந்து இருமியதால் அவள் இருமல் எனக்குத் தனியாகக் கேட்டதில்லை. இப்போது கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல்.

“அம்மா, வெளியிலே வாங்கோ.”

“பெருமாளுக்குடி.”

“உள்ளே உக்காந்து இருமுன்னு பெருமாள் கேட்டாரா?”

“வாயை மூடு.”

பங்குனி போய், சித்திரை வைகாசி போய், ஆனி வந்தது. விறகு நனைய ஆரம்பித்தது. ஒருநாள் தளிகை முடிந்து வெளியே வந்தவள், கூடம் வரைக்கும் நடக்க முடியாமல் நடுவழியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கூடத்துத் தூணில் சாய்த்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்கு யார் பெரியவர், யார் சின்னவர் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. நேரே மாமனாரிடம் போனேன். அவர் வழக்கப்படி பிள்ளை எங்கே என்று பார்த்தார்.

“அவரைத் தேடாதீங்கோ. உங்ககிட்டதான் பேசறேன். அம்மா நீட்டிப் படுத்துத் தூங்கி எத்தனை வருஷமாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு திகைப்பு. கூடத்தில் தினமும் மத்தியானம் அவளுக்கு எதிரில் படுத்து உறங்குகிறவர். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. திருஷ்டி திருஷ்டி என்று இவ்வளவு பேசுகிற மனுஷர், பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, “அவளுக்குப் பழக்கம்” என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இதையெல்லாம் மாமியார் தூணில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆடியில் ஒரு காலை. தூறல். நான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்தாழ்வாரத்துக் கூரை விளிம்புக்கடியில் ஒதுங்கியிருந்தேன். செங்கல் கூட்டின் கதவு திறந்தது. முதலில் புகை வந்தது. பிறகு மாமியார் வந்தாள், இரண்டு கையிலும் வெண்கலப்பானை. பாதி வெந்த சோறு. கண் திறக்க முடியாமல் தட்டுத் தடுமாறி நடந்து என்னிடம் வந்தாள். என் அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் தள்ளிவிட்டு அந்தப் பானையை ஏற்றினாள். மூடிகூட இல்லை. மாடியில் துணி எடுக்க வந்த வக்கீலாத்து மாமி நன்றாகப் பார்த்தாள். பின்சந்தில் போன பால்காரரும் பார்த்தார்.

மாமனார் பெருமாள் உள்ளின் சன்னலிலிருந்து கூவினார். “பார்த்துட்டா! அவ பார்த்துட்டா!” கொல்லைக்கு ஓடியும் வந்தார்.

“பார்க்கட்டும்” என்றாள் மாமியார்.

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார்.

“உள்ளேதான் ஆகணும்னா நீங்களே மடி உடுத்திண்டு போய்ப் பண்ணுங்கோ. அடுப்புல தணல் இருக்கு. வெறகு ஈரம்தான். ஊதுகுழலைப் பக்கத்திலேயே வெச்சிருக்கேன்.”

மாமனாரைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். அவர் பேச்சுக்கு நியமம் பேசுகிறவர் இல்லை. விறுவிறுவென்று போய்க் கிணற்றில் இரண்டு வாளி இழுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். ஈர வேஷ்டியோடு அந்தக் கூட்டுக்குள் நுழைந்தார். பார்வை படக்கூடாதே, கதவையும் சாத்திக்கொண்டார். ஊதுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல். பிறகு ஊதுகிற சத்தமே இல்லை, இருமல்தான்.

கதவு படாரென்று திறந்தது. முகமெல்லாம் கரி, கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுக, கையை நீட்டித் துழாவிக்கொண்டு வந்து துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பிடித்துக்கொண்டு நின்ற அதே கல்.

எனக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. பெரியவர், வயதானவர், போகட்டும் என்று விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

“பழகப் பழகச் சரியாப்போயிடும்ப்பா” என்றேன்.

மாமியார் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது இருமலில்லை. மாமனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளக்கூட மூச்சில்லை அவருக்கு.

“கொஞ்சம் தீர்த்தம் கொண்டா” என்றார். அவர் என்னிடம் நேரே பேசிய முதல் வார்த்தை அதுதான். செம்பு நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்றைக்குப் பெருமாளுக்குப் பழமும் பாலும்தான். மறுநாள் காலை, கொல்லையைப் பார்த்த பெருமாள் உள் சன்னலில் ஒரு வேஷ்டி தொங்கிற்று. போன தடவை என் அடுப்பைச் சுற்றிக் கட்டிய அதே வேஷ்டி. இந்தத் தடவை தன் சன்னலுக்கே போட்டுக்கொண்டிருந்தார். என் அடுப்பில் வெந்த சோற்றை வாழையிலையால் மூடி மாமியார் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நான் கொல்லையில் காத்திருந்தேன். வழக்கமான நேரத்தில் மணி அடித்தது.

அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பிறகு பேசவில்லை. அவர் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் திரை அவர் இருந்தவரைக்கும் அங்கேயேதான் தொங்கிற்று. மாதம் ஒருமுறை நானே கழற்றித் துவைத்து, நானே திரும்பக் கட்டுவேன். பார்க்கப் பிடிக்காதவர் தன் சன்னலை மூடிக்கொள்வதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. செங்கல் கூட்டில் எருமுட்டை அடுக்கினோம்.

மழை விட்டு, தசராவுக்கு வீடு வெள்ளையடித்து முடித்திருந்த சமயம். ஒரு மத்தியானம் அலம்பின பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தூணில் யாரும் சாய்ந்திருக்கவில்லை. பகீரென்றது. சுற்றிப் பார்த்தால், ஊஞ்சலுக்கு அந்தப் பக்கம் வெறுந்தரையில், ஒரு மணையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கைகாலை நீட்டி மல்லாந்து படுத்திருந்தாள் என் மாமியார். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டைகூட விட்டாள்.

பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மார்பு ஏறி இறங்குவதையே பார்த்தேன். தூங்குகிறவர்களை அப்படி வைத்த கண் வாங்காமல் பார்க்கக்கூடாது, கண் பட்டுவிடும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் அவள் எழுந்திருக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.